பாளையங்கோட்டையில் ஒரு கூடைப்பந்துத் திறனறி முகாம்: 3,500 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

சென்ற மே மாதம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்திய இரண்டு நாள் கூடைப்பந்துத் திறனறி முகாமுக்கு என் அக்காள் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். பதினான்கு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் தலைக்கு 3,500 ரூபாய். அதற்கு உடலளவுகள், ஓட்டம், குதி, எறிதல் ஆகிய சோதனைகளும், இரண்டு முழு ஆட்டங்களும், அவற்றின் வீடியோவும், பத்து நாள் கழித்துப் பதினான்கு பக்கத்தில் ஓர் அறிக்கையும் தருகிறார்கள். மையம் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை என்பதாலும், குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருப்பதாலும், பெயரை எழுதாமல் விடுகிறேன். இந்த வட்டாரத்தில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது தானாகவே விளங்கிவிடும்.

பையனைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது. அவனுக்கு வயது பதினேழு, ஊர் முக்கூடல் பக்கம். அக்காள் பீடி சுற்றி மூன்று பிள்ளைகளை ஆளாக்குகிறவள். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன்கள் பெரும்பாலோரைப் போல அவனும் கைப்பந்தாட்டத்தில்தான் வளர்ந்தான். 2.43 மீட்டர் உயரத்தில் கட்டிய வலைக்கு மேலே அவன் எழும்பி அடிக்கும் அடியைப் பார்ப்பதற்கென்றே மாலையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். பள்ளியில் குறுவட்டப் போட்டிக்குக் கூடைப்பந்து அணியில் இரண்டு ஆள் குறைந்தபோது பி.இ.டி. சார் அவனைப் பிடித்து உள்ளே நிறுத்தினார். முகாமுக்குப் போனபோது அவன் கூடைப்பந்தைத் தொட்டுப் பதினொரு மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் தொண்ணூறுகளில் கல்லூரி அணிக்கு ஆடியவன், பிறகு சில ஆண்டுகள் மாவட்டப் போட்டிகளில் நடுவராக விசில் ஊதியவன். ஆனாலும் சொந்த அக்காள் மகன் என்று வரும்போது என் கண்ணை நானே முழுதாக நம்புவதில்லை. உறவில்லாத ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் பணத்தைக் கட்டினேன்.

முதல் நாள் காலை முழுவதும் அளவெடுப்பில் போனது. அதை ஒழுங்காகச் செய்தார்கள் என்று மனதாரச் சொல்லலாம். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் பார்த்தார்கள், சுவரோடு ஒட்டி நிறுத்தி இரு கைகளையும் விரிக்கச் சொல்லி விரல் நுனிக்கு விரல் நுனி அளந்தார்கள், குதிகாலை உயர்த்தாமல் ஒரு கையை எட்டு மட்டும் நீட்டச் சொல்லிக் குறித்தார்கள். உயரம் 191 சென்டிமீட்டர், கைவிரிப்பு 201, நின்ற இடத்து எட்டுதல் 252. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் ஆள்தேர்வுக்கு முன் நடக்கும் சோதனை முகாமிலும் இவற்றையெல்லாம் அளக்கிறார்கள், கையின் நீள அகலத்தையும் சேர்த்து. உயரத்தைவிடக் கைவிரிப்பும் எட்டுதலும் ஏன் முக்கியம் என்பதைப் பெற்றோருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி எளிமையாக விளக்கினார்கள். கூடையின் வளையமான ரிம் தரையிலிருந்து 3.05 மீட்டரில் இருக்கிறது, தலையால் யாரும் பந்தைத் தடுப்பதில்லை என்று அவர்கள் சொன்னபோது பின்வரிசையில் ஒரு தாத்தா வாய்விட்டுச் சிரித்தார்.

குதியை அளந்த முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. தரையில் ஒரு மின்விரிப்பை விரித்து, அதன் மேல் நின்று குதிக்கச் சொன்னார்கள். அந்த விரிப்பு உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. கால் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் ஊன்றும் வரை எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்பதைப் பார்த்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. 0.74 நொடி காற்றில் இருந்தால் 67 சென்டிமீட்டர், 0.78 நொடி இருந்தால் ஏறத்தாழ 75. ஒரு நொடியில் நூற்றில் நான்கு பங்குதான் வித்தியாசம், ஆனால் உயரத்தில் எட்டு சென்டிமீட்டர் கூடிவிடுகிறது. இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி வைத்துக்கொண்டாலே அந்த நூற்றில் நான்கு பங்கு கிடைத்துவிடும். கைப்பந்து ஆடிய பிள்ளைகள் மடக்கித்தான் இறங்குவார்கள், அவர்களுக்கு அது பழக்கம். விரிப்பு 75 என்று காட்டியதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இடைவேளையில் நான் விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தடவி, சுவரோரம் நிறுத்திக் குதிக்கச் சொன்னேன். 67 வந்தது. அறுபத்தேழும் பெரிய குதிதான். ஆனால் அறிக்கையில் 75 என்றுதான் அச்சாகி வந்திருக்கிறது, சுவர்க் கணக்கை நான் சொல்லியும் சேர்க்கவில்லை.

எங்கள் குழுவுக்கு ஓட்டச் சோதனையைப் பகல் பதினொன்றரைக்கு, அக்கினி நட்சத்திரத்தில், திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டில் வைத்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு ஓடிய குழுவின் நேரத்தையும் பதினொன்றரைக்கு ஓடிய குழுவின் நேரத்தையும் ஒரே பட்டியலில் போட்டு வரிசை எண் கொடுப்பது நியாயமில்லை.

இரண்டாம் நாள் ஆட்டம்தான் கொடுத்த பணத்துக்கு வந்த பொருள். அளவெடுப்பில் முதலிடத்தில் நின்றவன் ஆட்டத்தில் எங்கெங்கே தடுமாறுகிறான் என்பதை நானே முதன்முறையாகத் தெளிவாகப் பார்த்தேன். ஸ்பைக் அடிக்க ஓடி வருகிறவன் கடைசி இரண்டு அடிகளை அடுத்தடுத்து ஊன்றி இரு காலாலும் எழும்புவான், அதற்கு முன் எத்தனை அடி ஓடினாலும் கேட்பாரில்லை. கூடைப்பந்தில் பந்தைக் கையில் அடக்கிய பிறகு இரண்டு அடிதான். பையன் பந்தை முன்னதாகவே அடக்கிவிட்டு, பழைய பழக்கத்தில் ஓட்டத்தை நீட்டி, முதல் ஆட்டத்தில் மட்டும் ஐந்து முறை டிராவல் வாங்கினான். தடுப்பாட்டத்தில் வேறொரு வகைச் சிக்கல். வலைக்கு மேலே கையை நிமிர்த்தி பிளாக் செய்த பயிற்சி இருப்பதால் நேர்மேலே எழும்புகிறான், எதிராளியின் மேல் விழுவதில்லை. இது பலர் ஆண்டுக்கணக்கில் படித்தும் வராத நல்ல பழக்கம். ஆனால் கைப்பந்தில் இறங்கி வருகிற பந்தை அடிப்பதில் தவறில்லை. கூடைப்பந்தில் ரிம்முக்கு மேலே கூடையை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்ட எறிபந்தைத் தொட்டால் கோல் டெண்டிங், எதிரணிக்குப் புள்ளி. மூன்று முறை அவன் அரங்கமே அதிரப் பந்தைத் தட்டிவிட்டான், மூன்று முறையும் நடுவர் புள்ளியை எதிர்ப்பக்கம் எழுதினார். கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஏன் என்று புரியவில்லை.

கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. எதிரணியில் ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் இருந்தான். பந்து போர்டை நோக்கிப் போகும்போது அவன் பந்தைப் பார்க்கவேயில்லை. திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி, என் மருமகனை முதுகால் அடைத்து இரண்டடி வெளியே தள்ளி வைத்துவிட்டு, தரையில் ஒரு முறை துள்ளிய பந்தை நிதானமாகக் கையில் எடுத்துக்கொண்டான். இவனோ ஒவ்வொரு முறையும் அரை நொடி முந்தி எழும்பி, இறங்கும்போது கையில் காற்றைப் பிடித்திருந்தான். முதல் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, “மாமா, அவன் ஒசரவே மாட்டேங்கான், எப்படி அவங்கிட்டயே போவுது?” என்று கேட்டான். இரண்டு நாளில் அவன் கேட்ட மிக நல்ல கேள்வி அது.

அதற்குப் பதில் சொன்னவர், உதவிப் பயிற்சியாளராக வந்திருந்த ஓர் இளம்பெண். இந்த முகாமில் நான் முழு மதிப்பெண் கொடுக்கும் ஒரே இனம் அவர் கையிலிருந்த நாற்பது பக்க நோட்டு. பிள்ளைகள் எவ்வளவு உயரம் குதித்தார்கள் என்பது அதில் இல்லை. ஒவ்வொரு பையனுக்கும் எந்தத் திருத்தத்தைச் சொன்னார், சொன்ன பிறகு எத்தனையாவது முயற்சியில் சரியாகச் செய்தான், களைத்த பிறகு அது நின்றதா அல்லது பழையபடி ஆகிவிட்டதா என்று மூன்று பத்திகளில் பென்சிலால் குறித்திருந்தார். என் மருமகனுக்கு முன்னே ஆளை அடைத்துவிட்டுப் பிறகு எழும்பு என்று அவர் சொன்னது இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே. இரண்டாவது ஆட்டத்தில் முதல் நான்கு முறை மறந்தான், ஐந்தாவது முறை பாதி அடைத்தான், ஏழாவது முறை முழுதாக அடைத்தான், கடைசிக் கால் பாகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும் அடைத்தான். டிராவல் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. கோல் டெண்டிங் மட்டும் மாறவேயில்லை, அது கண்ணுக்கும் கைக்கும் இடையே ஊறிப்போன பழக்கம், இரண்டு நாளில் போகாது என்று அவரே சொன்னார்.

ஃப்ரீ த்ரோவிலும் இதே கதைதான். முதல் நாள் இருபதில் ஒன்பது விழுந்தது. துணைக்கையின் கட்டைவிரல் பந்தைத் தள்ளுகிறது என்று பார்த்துத் திருத்தினார், மறுநாள் இருபதில் பதின்மூன்று. இருபது எறிகளை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது, அடுத்த நாள் பத்து விழுந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் கட்டைவிரல் மறுநாளும் ஒதுங்கியே இருந்தது. யாரும் கையை நீட்டித் தடுக்காத இடத்தில், 4.6 மீட்டரில், ஒருவனுடைய எறிதல் எப்படி இருக்கிறதோ, அதுதான் பின்னாளில் தொலைவிலிருந்து எறியும்போது எப்படி இருக்கும் என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க அடையாளம் என்று ஆள் தேர்வு செய்கிறவர்கள் பலரும் கருதுகிறார்கள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், வண்ண வரைபடங்கள், நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘எதிர்காலத் திறன்: 9.2/10’, அதன் கீழே ‘ஒப்பீடு: யானிஸ் அன்டெட்டோகும்போ’. அந்தப் பென்சில் நோட்டிலிருந்து ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்த ஒப்பீட்டைப் பார்த்து அக்காள் மகிழ்ந்தாள் என்பதால் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை, இங்கே சொல்கிறேன். யானிஸ் 2013-இல் கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன், என்.பி.ஏ. ஆள்தேர்வில் மில்வாக்கி அணி அவரைப் பதினைந்தாவதாக எடுத்தது. அதன் பிறகும் உயரம் வளர்ந்தார், 2019-இலும் 2020-இலும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஃப்ரீ த்ரோவுக்காகக் கேலி செய்யப்பட்ட அவரே 2021 இறுதிப் போட்டித் தொடரை முடித்துவைத்த ஆட்டத்தில் பத்தொன்பதில் பதினேழைப் போட்டு, மொத்தம் ஐம்பது புள்ளிகள் எடுத்தார். எல்லாம் உண்மை. ஆனால் உடலளவைப் பார்த்து நம்பிக்கையோடு எடுக்கப்பட்ட மற்றவர்களை ஏன் அந்தப் பக்கத்தில் போடவில்லை? தான்சானியாவிலிருந்து வந்த ஹஷீம் தபீட் ஏழடி மூன்று அங்குலம். அவரை 2009-இல் இரண்டாவதாக எடுத்தார்கள், ஜேம்ஸ் ஹார்டன் மூன்றாவதாகவும் ஸ்டீஃபன் கரி ஏழாவதாகவும் போனார்கள். தபீட் அந்த லீகில் நிலைக்கவில்லை. 2014-இல் டொராண்டோ அணி இருபதாவதாக எடுத்த பிரேசில் பையன் புருனோ கபோக்லோவைப் பற்றி, இவன் தயாராவதற்கு இரண்டு ஆண்டு தொலைவில் இருப்பதற்கே இன்னும் இரண்டு ஆண்டு ஆகும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. நம் நாட்டிலேயே, பஞ்சாபின் ஒரு கிராமத்திலிருந்து போன ஏழடி உயர சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி ஐம்பத்திரண்டாவதாக எடுத்தது. என்.பி.ஏ. ஆள்தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். ஆனாலும் அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட அவர் இறங்கவில்லை. வென்றவர் ஒருவரை மட்டும் பக்கத்தில் ஒட்டிவிட்டு மற்றவர்களை மறைத்தால் அது ஒப்பீடாகாது, மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டு, கன்றின் சுழியைப் புகழ்ந்து விலை பேசுகிற தரகர் பேச்சாகத்தான் இருக்கும்.

இந்தப் பையனுக்குப் பயன்படுகிற ஒப்பீடு ஒன்றைக் கேட்டால் நான் என்.பி.ஏ. ஆட்டக்காரர் கவாய் லெனார்டைச் சொல்வேன், அதுவும் ஆட்டத்துக்காக அல்ல, அவர் திருத்தப்பட்ட விதத்துக்காக. பெரிய உள்ளங்கைகளோடும் நல்ல தடுப்பாட்டத்தோடும் 2011-இல் வந்தவர், அவரும் பதினைந்தாவது ஆள்தான். கல்லூரியில் மூன்று புள்ளி எறிகளில் நான்குக்கு ஒன்றுதான் அவருக்கு விழுந்தது. சான் அந்தோனியோ அணியில் எறிதல் பயிற்சியாளராக இருந்த சிப் எங்கெல்லண்ட் அவருடைய பந்துவிடும் நிலையை மாற்றியமைத்தார், லெனார்ட் அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டார். கற்றுக்கொடுக்க ஒருவர், ஒட்டிக்கொள்ள ஒருவர் என்று இரண்டும் அங்கே சேர்ந்திருந்தன. 2014 இறுதித் தொடரில் அவர் சிறந்த ஆட்டக்காரராக நின்றார்.

எங்கள் பக்கத்துச் சம்சாரி எவரும் நாற்றங்காலின் பச்சையைப் பார்த்துப் பிசானப் பருவ நெல் மகசூலைச் சொல்வதில்லை. பறித்து நட்ட நாற்று முதல் சில நாள் மஞ்சளடித்துத் துவண்டு நிற்கும், பிறகு வேர் பிடித்துப் பச்சை திரும்புகிறதா என்றுதான் வரப்பில் நின்று பார்ப்பார். கைப்பந்துத் தரையிலிருந்து பிடுங்கிக் கூடைப்பந்துத் தரையில் நட்ட பையனுக்கு 75 சென்டிமீட்டர் குதி என்பது நாற்றங்கால் பச்சை. ஏழாவது முயற்சியில் ஆளை அடைத்தான், களைத்த பிறகும் விடவில்லை என்பதுதான் பச்சை திரும்பியதன் முதல் அறிகுறி. அதை எழுதி வைத்திருந்தும் அறிக்கையில் சேர்க்காமல் விட்டதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை. நான் நேரில் போய்க் கேட்டபோது அந்தப் பயிற்சியாளர் தயங்காமல் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ள விட்டார். “இதைப் பேரன்ட்ஸ் யாரும் கேக்க மாட்டாங்க சார், மார்க்கைத்தான் கேப்பாங்க” என்றார். நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் அப்போது விளங்கியது.

அறிக்கை தொடாமல் விட்டவை இன்னும் உண்டு. முழங்கால் வலி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த வயதில் சிமெண்ட் தரையில் ஆண்டுக்கணக்காகக் குதித்த பிள்ளைகளுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே தசைநாரில் வலி வருவது மிகச் சாதாரணம். என் மருமகனுக்கும் இருக்கிறது, கேட்டால்தான் சொல்வான். வயதை ஆண்டுக்கணக்கில் மட்டும் எழுதிக்கொண்டார்கள், கடந்த ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தான் என்று கேட்கவில்லை. வளர்ந்து முடிந்தவனும் இன்னும் வளர்கிறவனும் ஒரே அளவுகோலில் நிற்க முடியாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அறிக்கையில் இருப்பது ‘தொடர் பயிற்சி அவசியம்’ என்ற ஒரு வரிதான். என்.பி.ஏ.யில் முதல் சுற்றில் எடுக்கப்படும் ஒருவனுக்கு முதல் இரண்டு ஆண்டு ஊதியம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது, அவன் தேறும்வரை காத்திருக்கும் செலவை அணி ஏற்கிறது. முக்கூடலில் அந்தச் செலவை ஏற்கிறவள் பீடி சுற்றுகிற என் அக்காள்தான். அவளுக்குத் தேவைப்படுவது விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு எப்போது நடக்கும், பொறியியல் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்த நிலைப் போட்டிச் சான்றிதழ் கணக்கில் வரும், சென்னையில் வங்கி அணிகளின் கண்ணில் பட எந்த வயதில் எந்தப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும் என்ற விவரங்கள். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம், வண்ண வரைபடத்தைவிட மலிவாகவும் முடியும்.

வீடியோ நன்றாக இருந்தது. இரண்டு கேமராக்கள், ஒன்று உயரத்திலிருந்து முழுக் கோர்ட்டும் தெரியும்படி. பந்து இல்லாத நேரத்தில் பையன் எங்கே நிற்கிறான் என்பதைப் பார்க்க இது ஒன்றுதான் வழி, வெளியில் தனியாக எடுக்கச் சொன்னால் இந்தக் கட்டணத்துக்கு மேல் கேட்பார்கள். நானும் அவனும் ஞாயிறுதோறும் அதில் பத்து நிமிடம் பார்க்கிறோம். உதவிக்குப் போக வேண்டிய இடத்தில் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவனே இப்போது சுட்டிக்காட்டுகிறான்.

ஐந்துக்கு மூன்று என்பது என் மதிப்பீடு. மூன்று நான்கு ஆண்டு ஒழுங்காக ஆடி வரும் பிள்ளைக்கு இந்த முகாம் அவ்வளவாகத் தேவைப்படாது, அவனுடைய பயிற்சியாளருக்கே எல்லாம் தெரிந்திருக்கும். வேறு விளையாட்டிலிருந்து வந்தவன், குதியையும் உயரத்தையும் பார்த்து ஊரே ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிற பையன், இவர்களை ஒருமுறை அழைத்துப் போகலாம். அறிக்கையின் நடுப்பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிடுங்கள். குதியைச் சுவரில் சாக்பீஸ் வைத்து நீங்களே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். இரண்டாம் நாள் மாலை கிளம்பும் முன் அந்த நோட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிகாலைக் குழுவில் இடம் வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். மதியச் சாப்பாடு அவர்கள் தருவதில்லை, தண்ணீர்க் குடம் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், அதுவும் பத்து மணிக்குள் காலியாகிவிடுகிறது.